ஆய்வகத் தேர்வுக்கான அடித்தளம் நம் வகுப்பறையில்

போடிநாயக்கனூர் வட்டாரத்துப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு நம் பிள்ளைகளின் வீட்டுச் சூழலை விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் பலர் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்த பின்தான் இறங்கி வருகிறார்கள். இன்னும் சிலர் ஊரில் உள்ள ஏலக்காய்க் கடைகளில் காய் பிரிக்கும் வேலை செய்கிறார்கள். இந்த வீடுகளிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் பெண் பிள்ளைகளில் என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் அதிகம் விரும்பியது இரண்டு படிப்புகளைத்தான். ஒன்று செவிலியர் படிப்பு. மற்றொன்று மருத்துவ ஆய்வக நுட்புநர் படிப்பு. "லேப் டெக்னீசியன் ஆயிட்டா வெயில்ல, மழையில அலைய வேண்டாம் டீச்சர்" என்று ஒரு தாய் சொன்னது, பல தாய்மார்களின் மனத்தில் இருப்பதுதான்.

நான் ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. ஆய்வக நுட்புநர் பட்டயப் படிப்பில் சேர்ந்த என் முன்னாள் மாணவிகள் சிலர், நுண்ணுயிரியல் தாள் வரும்போது சனிக்கிழமை மாலைகளில் என்னைத் தேடி வருவது உண்டு. சில ஆண்டுகளாக அவர்களோடு அமர்ந்து மாதிரி வினாக்களைப் பார்த்து வருகிறேன். அதில் கவனித்த ஒன்றைப் பகிரவே இக்கட்டுரை. அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் கடினமான பாடப்பகுதிகளில் இல்லை. விகிதக் கணக்கு, படிகளின் வரிசை, ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்ற சிந்தனை, கண்டதைக் கண்டபடி பதிவு செய்தல் ஆகிய நான்கிலும்தான் தடுமாறுகிறார்கள். இவை நான்கும் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நாம் பழக்க வேண்டியவை. எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடமும், ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகளின் உலகம் பாடமும் நம் கையிலேயே இருக்கின்றன.

தேர்வு எதைக் கேட்கிறது?

உலகெங்கும் ஆய்வகப் பணியாளர்களுக்குச் சான்றளிக்கும் தேர்வுகளின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க மருத்துவ நோயியல் கழகம் நடத்தும் நுண்ணுயிரியல் சான்றிதழ்த் தேர்வை எடுத்துக்கொள்வோம். 100 பலவுள் தெரிவு வினாக்கள், இரண்டரை மணி நேரம். கணினி வழித் தேர்வு. சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். வினாக்கள் மூன்று நிலைகளில் அமைகின்றன. முதல் நிலை நினைவுகூர்தல். இரண்டாம் நிலை, கொடுத்த முடிவுக்குப் பொருள் காணுதல். மூன்றாம் நிலை, பல தகவல்களைச் சேர்த்துச் சிக்கலைத் தீர்த்தல்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர்களும் உரிமம் பெறக் கணினி வழித் தேர்வு எழுதுகிறார்கள். நம் மாநிலப் பட்டயத் தேர்வுகளில் விரிவான விடைகள் எழுத வேண்டியிருக்கும், செய்முறைத் தேர்வும் உண்டு. வடிவம் எதுவானாலும் இந்த மூன்று நிலைகளும் இருக்கும். நம் பிள்ளைகள் முதல் நிலையில் வலுவானவர்கள். ஒரு பக்கத்தை அப்படியே ஒப்பிக்கக்கூடியவர்கள். இரண்டாம், மூன்றாம் நிலைகளில்தான் மதிப்பெண் போகிறது. ஒரே பாடத்தை மூன்று நிலைகளிலும் எப்படிக் கேட்கலாம் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காட்டுகிறேன்.

சாயம் சொல்லும் கதை

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட சாயமேற்றும் முறை இன்றும் ஒவ்வொரு நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும் முதல் சோதனை. நான்கு படிகள்: கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். தடித்த செல்சுவர் கொண்ட பாக்டீரியா, வயலட்டும் அயோடினும் சேர்ந்த கூட்டுப் பொருளை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அது ஊதாவாகத் தெரியும். அதுவே கிராம் பாசிட்டிவ். மெல்லிய செல்சுவர் உடையது ஆல்கஹாலில் நிறத்தை இழந்து, பின் சாஃப்ரனினை ஏற்று இளஞ்சிவப்பாகும். அது கிராம் நெகட்டிவ்.

"நான்கு படிகளை வரிசையாக எழுதுக" என்பது முதல் நிலை வினா. "ஸ்லைடில் ஊதா நிற உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன, இது எந்த வகை?" என்பது இரண்டாம் நிலை. மூன்றாம் நிலை இப்படி இருக்கும்: "ஒரு நுட்புநர் அயோடின் சேர்க்க மறந்துவிட்டார். ஸ்லைடில் என்ன தெரியும்?"

வகுப்பில் இதற்கு வேதிப்பொருள் தேவையில்லை. நான்கு படிகளையும் நான்கு அட்டைகளில் எழுதி நான்கு மாணவர்களிடம் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒருவரை உட்காரச் சொல்லி, "இப்போது என்ன நிறம்?" என்று கேட்கிறேன். அயோடின் உட்கார்ந்தால் வயலட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஆல்கஹால் எல்லாவற்றையும் கழுவிவிடும், அனைத்தும் இளஞ்சிவப்பாகும். ஆல்கஹால் உட்கார்ந்தால் எதுவும் கழுவப்படாது, அனைத்தும் ஊதாவாகவே நிற்கும். சாஃப்ரனின் உட்கார்ந்தால் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா நிறமின்றிப் போகும். ஆல்கஹாலை அதிக நேரம் நிறுத்தினால் பாசிட்டிவும் நெகட்டிவ் போல் தெரியும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏன் இந்தப் படி?" என்று ஒருமுறை கேட்டுப் பழகியவர்கள், பின்னாளில் எந்தச் செய்முறையைப் படித்தாலும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

நூறு கட்டத்தில் ஐந்து

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அதனால்தான் அந்த நாள் உலகக் காசநோய் நாள். சளி மாதிரியைச் சீல்-நீல்சன் முறையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது நம் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் நெடுங்காலமாக நடக்கும் சோதனை. கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி வரும்வரை சூடாக்கி, பின் கந்தக அமிலத்தால் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலம் இடுவார்கள். மெழுகு போன்ற சுவர் கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் அமிலத்துக்கும் அசையாமல் சிவப்பாக நிற்கும். மற்றவை நீலமாகும்.

முடிவை எழுதும் விதிதான் கணக்கு ஆசிரியர்களுக்கும் பயன்படும் பகுதி. எண்ணெய் மூழ்கு வில்லையில் 100 பார்வைப் புலங்களைப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையெனில் நெகட்டிவ். 100 புலங்களில் 1 முதல் 9 வரை இருந்தால் 'மிகக் குறைவு' என்று குறிப்பிட்டு, கண்ட எண்ணிக்கையையும் எழுத வேண்டும். 10 முதல் 99 வரை என்றால் 1+. புலத்துக்கு 1 முதல் 10 வரை என்றால் 2+. அதற்கும் மேல் என்றால் 3+.

இதில் நான் கேட்கும் வினா: "30 புலங்கள் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வெளியே கூட்டம் காத்திருக்கிறது. நெகட்டிவ் என்று எழுதலாமா?"

விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு செயல்பாடு உண்டு. 1 முதல் 100 வரை எண்ணிட்ட கட்டங்களை ஆசிரியர் தன் தாளில் வரைந்து, ஐந்து கட்டங்களில் யாரும் பார்க்காமல் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஏட்டில் விருப்பப்படி 30 எண்களை எழுதுவர். பிறகு ஐந்து எண்களையும் அறிவிக்க வேண்டும். ஒன்றுகூடக் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? நிகழ்தகவுக் கணக்குப்படி 100இல் 16 பேர் அளவுக்கு இப்படித் தவறவிடுவார்கள். 36 பேர் கொண்ட வகுப்பில் ஏறக்குறைய ஆறு பேர். அந்த ஆறு பேரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, "நீங்கள் ஆறு பேரும் நோயாளிக்கு நோய் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். அவர் மருந்தின்றி வீட்டுக்குப் போகிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது" என்று சொன்னால் போதும். விதி ஏன் நூறு என்கிறது என்பதை யாரும் மறக்க மாட்டார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளும் இரட்டிப்பும்

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மலைத் தோட்டத்தில் இருக்கும் ஒருவரின் சிறுநீர் மாதிரி கீழே உள்ள ஆய்வகத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதை வைத்து ஒரு கணக்கு.

மாதிரியில் ஒரு மி.லி.க்கு 2,000 பாக்டீரியாக்கள் இருந்தன. உகந்த சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மாதிரி ஆய்வகம் சேர 2 மணி நேரம் ஆயிற்று. இப்போது எவ்வளவு?

இரண்டு மணி நேரத்தில் ஆறு இரட்டிப்புகள். 2இன் அடுக்கு 6 என்பது 64. ஆகவே 2,000 × 64 = 1,28,000. சிறுநீர்த் தொற்றை மதிப்பிட நெடுங்காலமாகப் பயன்படும் அளவுகோல் ஒரு மி.லி.க்கு ஒரு லட்சம். நோயில்லாதவரின் மாதிரி, வழியிலேயே நோயாளியின் மாதிரியாக மாறிவிட்டது!

அடுத்த படி: ஆய்வகத்தில் 0.001 மி.லி. எடுக்கும் அளவு வளையத்தால் மாதிரியைத் தட்டில் இழுப்பார்கள். எத்தனை காலனிகள் வளரும்? 1,28,000 × 0.001 = 128. உண்மையில் வளர்ந்திருக்க வேண்டியவை 2 மட்டுமே. எதிர்த்திசையிலும் கேட்கலாம்: "தட்டில் 45 காலனிகள். ஒரு மி.லி.க்கு எத்தனை?" 45 × 1,000 = 45,000. தசமப் புள்ளியை இடம் மாற்றும் இந்தக் கணக்கு ஏழாம் வகுப்புக் கணக்குதான். பட்டயத் தேர்வில் இதிலேயே தடுமாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு முடிந்ததும் விவாதம். போடிமெட்டின் மார்கழிக் குளிரில் மாதிரி வந்தால் பெருக்கம் எப்படி இருக்கும்? ஜீப்பின் சூடான எஞ்சினுக்கு அருகில் வைத்து வந்தால்? பனிக்கட்டிப் பெட்டியில் வந்தால்? "இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும், இல்லையெனில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்பதனம் செய்ய வேண்டும்" என்ற விதி அப்போது மனப்பாட வரியாக இருக்காது. சான்றிதழ்த் தேர்வுகளில் மாதிரி சேகரிப்பு, கொண்டுசெல்லல், நிராகரிப்பு பற்றிய வினாக்கள் தவறாமல் வரும். பெயர் எழுதாத குப்பி, கசிந்த குப்பி, நேரம் கடந்த மாதிரி ஆகியவற்றை என்ன செய்வது என்று கேட்பார்கள். "பரவாயில்லை, சோதித்துவிடலாம்" என்று நல்ல மனத்தோடு விடையெழுதும் பிள்ளைகள் உண்டு. தவறான மாதிரியைத் திருப்பி அனுப்புவதும் நோயாளிக்குச் செய்யும் நன்மை என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

சல்லடையும் கைப்பொறுக்கும்

வளர்தளங்களில் 'தேர்வு வளர்தளம்', 'வேறுபடுத்தும் வளர்தளம்' என இருவகை உண்டு. பட்டய மாணவிகள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. ஏலக்காய் பிரிக்கும் இடத்தில் முதலில் சல்லடையில் சலிப்பார்கள். சிறிய காய் கீழே விழும், பெரிய காய் மேலே நிற்கும். பிறகு பெண்கள் அமர்ந்து நல்ல பச்சைக் காய் வேறு, வெளுத்த காய் வேறு, வெடித்த காய் வேறு என்று நிறமும் தோற்றமும் பார்த்துக் கையால் பிரிப்பார்கள்.

சல்லடை செய்வது தேர்வு. நிறம் பார்த்துப் பொறுக்குவது வேறுபடுத்துதல். மெக்கான்கி அகர் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. அதிலுள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் பெரும்பாலான கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களை வளரவிடாது. அதுவே சல்லடை. அதிலுள்ள லாக்டோஸை நொதிக்கச் செய்யும் ஈ.கோலை இளஞ்சிவப்புக் காலனிகளாக வளரும். நொதிக்கச் செய்யாத சால்மோனெல்லா நிறமற்ற காலனிகளாக வளரும். அதுவே கைப்பொறுக்கு. இந்த உவமையை ஒரு மாணவியிடம் சொன்னபோது, "எங்கம்மா தினமும் மெக்கான்கி அகர் வேலைதான் பாக்குறாங்க போல டீச்சர்" என்று சிரித்தாள். அதன்பின் அவளுக்கு அந்த வினாவில் குழப்பம் வரவில்லை.

ஏலக்காய் உலர்த்தலும் நல்ல பாடம். பறித்த பச்சைக் காயில் 80 சதவீத அளவுக்கு ஈரம் இருக்கும். உலர்கூடத்தில் சூடேற்றி அதை 10 சதவீத அளவுக்குக் குறைக்கிறார்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நுண்ணுயிரி வளர நீர் தேவை என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. உங்கள் ஊரில் கருவாடோ, வத்தலோ, காப்பிக்கொட்டையோ இருக்கும்.

அகர் பற்றியும் ஒரு செய்தி. தொடக்கத்தில் காக்கின் ஆய்வகத்தில் ஜெலாட்டின் பயன்பட்டது. வெப்பத்தில் அது உருகிவிடும், சில பாக்டீரியாக்கள் அதைக் கரைத்தும் விடும். 1881இல், சமையலறையில் பயன்படுத்திய அகரைப் பரிந்துரைத்தவர் ஃபேனி ஹெஸ்ஸி. அவருடைய கணவர் வால்தர் ஹெஸ்ஸி காக்குடன் ஆய்வு செய்தவர். அகர் 40 டிகிரி செல்சியஸ் அளவில் உறையும், 85 டிகிரிக்கு மேல்தான் மீண்டும் உருகும். ஆகவே 37 டிகிரி வளர்பெட்டியில் திடமாகவே இருக்கும். நம் வீடுகளில் கடல்பாசி, சைனா கிராஸ் என்று நோன்பு நாட்களில் இனிப்புச் செய்வது இதே அகர்தான். மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் இது தயாராகிறது.

பெயர்ச்சொற்களின் பயம்

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பெரிய தடை நீண்ட அறிவியல் பெயர்கள். பொருள் தெரியாததால் எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்கிறார்கள். சொல்லைப் பிரித்துக் காட்டினால் பயம் போய்விடும். 'காக்கஸ்' என்றால் சிறு பழம் போன்ற உருண்டை. 'ஸ்டாஃபைலோ' என்றால் திராட்சைக் கொத்து. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்த பிள்ளைக்கு ஸ்டாஃபைலோகாக்கஸ் இனி மறக்காது. 'ஸ்ட்ரெப்டோ' என்றால் முறுக்கிய சரம். மல்லிகைச் சரம் போல் வரிசையாக இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 'பேசில்லஸ்' என்றால் சிறு குச்சி. 'மைக்கோ' என்றால் பூஞ்சை.

அடுத்தது கிளைப்பட விளையாட்டு. ஒரு மாணவர் மனத்தில் ஒரு பாக்டீரியாவை வைத்துக்கொள்வார். மற்றவர்கள் 'ஆம், இல்லை' என்று விடை வரும் கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். "கிராம் பாசிட்டிவா?" ஆம். "உருண்டையா?" ஆம். "ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் குமிழ் வருமா?" ஆம், அப்படியானால் ஸ்டாஃபைலோகாக்கஸ். குமிழ் வராவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். "பிளாஸ்மாவை உறைய வைக்குமா?" ஆம், அப்படியானால் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். குமிழ் வருவதை நேரில் காட்ட, நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டில் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில துளி விட்டால் போதும். உருளைக்கிழங்கிலும் அதே கேட்டலேஸ் நொதி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. எச்சில், சளி, காயம், கழிவறை ஆகியவற்றிலிருந்து எடுத்துப் பள்ளியில் எதையும் வளர்க்க வேண்டாம். பாதுகாப்பாகக் கழிவகற்றும் வசதி நம்மிடம் இல்லை. தயிர், இட்லி மாவு, ஈஸ்ட் ஆகியவை நமக்குப் போதும். மாவு எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரத்தில் பொங்குகிறது என்று அட்டவணையிட்டு எழுதுவதே சிறந்த ஆய்வகப் பதிவுப் பயிற்சி. தவறாக எழுதினால் அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு அடித்து, அருகில் திருத்தி எழுதச் சொல்லுங்கள். மருத்துவ ஆய்வகப் பதிவேட்டின் விதியும் அதுதான்.

நம் மலையின் காய்ச்சல்

ஏலச்செடியின் காய்ச்சரங்கள் தூரடியில், தரையை ஒட்டிக் கிடக்கும். குனிந்தும் அமர்ந்தும்தான் காய் எடுக்க வேண்டும். புதரும் ஈரமும் உள்ள இத்தகைய இடங்களில் வேலை செய்பவர்களுக்கு வரக்கூடியது, நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் ஸ்கரப் டைஃபஸ். மிகச் சிறிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியா உடலில் நுழைகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் கருத்த புண் சிலருக்குத் தோன்றும். காலத்தே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இதிலிருந்து ஒரு மூன்றாம் நிலை வினா: "தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். அக்குளில் கருத்த புண். இரத்தத்தைச் சாதாரண வளர்தளத்தில் இட்டும் எதுவும் வளரவில்லை. ஏன்? அடுத்து எந்தச் சோதனை?" இந்த பாக்டீரியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். ஆகவே வெறும் அகரில் தட்டு காலியாகவே இருக்கும். காலித் தட்டைப் பார்த்து நோயில்லை என்று முடிவு செய்யக் கூடாது. எதிர்ப்பொருளைக் கண்டறியும் ஐஜிஎம் எலிசா சோதனை செய்ய வேண்டும். இந்த வினாவை நடத்தும்போது வகுப்பு அமைதியாகிவிடும். இந்தத் தொழிலாளி யாரோ ஒருவரல்ல, தங்கள் வீட்டில் இருப்பவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அன்று மாலை வீட்டில் போய்ச் சொல்வார்கள்: காய்ச்சலோடு கருத்த புண் இருந்தால் கடையில் மாத்திரை வாங்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள் என்று. தேர்வு மதிப்பெண்ணைவிட அது பெரிது.

சொல்ல வேண்டிய முன்னோடிகள்

நுண்ணுயிரியல் என்றால் லூயி பாஸ்டரும் காக்கும் மட்டுமல்ல. நம் மாநிலத்திலேயே பெருமைக்குரிய வரலாறு உண்டு. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவது சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இணையானது என்று 1959இல் வெளியிட்ட ஆய்வால் காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. அந்த முடிவின் பின்னால் மாதந்தோறும் சளி மாதிரிகளைச் சோதித்த ஆய்வகப் பணியாளர்களின் உழைப்பு இருக்கிறது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது முதன்முதலில் அப்போதுதான் தெரிந்தது. முதல் முடிவை அப்படியே நம்பாமல் சோதனையைத் திரும்பச் செய்து, அமெரிக்காவிலும் உறுதி செய்தார்கள். மீளச் சோதித்தல் என்னும் ஆய்வக ஒழுக்கத்துக்கு இதைவிட நல்ல கதை இல்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியை வகுப்பாசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், காய்ப் பருவத்தில் சேர்த்த கூலியைக் கட்டி, மகளை ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றில் சேர்த்தது. வேலைவாய்ப்பு அறிவிக்கை வந்தபோதுதான், அந்தச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்கவே முடியாது என்று தெரிந்தது. பணம் போனது ஒருபுறம், பிள்ளையின் ஒரு வருடம் போனது மறுபுறம். வெள்ளைக் கோட்டு அணிந்த படத்தோடு வரும் துண்டறிக்கையை நம்பும் பெற்றோர் நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

ஒன்று: மருத்துவம் சார்ந்த பட்டயப் படிப்புகளுக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் பிளஸ் டூ அல்ல. பத்தாம் வகுப்பு முடித்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாள்தான்.

இரண்டு: அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ள இடங்களுக்கு ஆண்டுதோறும் அறிவிக்கை வரும். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிக்கும் நாட்களைக் கவனித்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இணைய மையத்துக்குப் போக முடியாத பிள்ளைக்குப் பள்ளிக் கணினியில் விண்ணப்பிக்க உதவுங்கள்.

மூன்று: தனியார் நிறுவனம் என்றால், அந்தப் படிப்பை அங்கீகரித்தது யார், தேர்வை நடத்துவது யார், சான்றிதழில் கையெழுத்திடுவது யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

நான்கு: அரசு மருத்துவமனைப் பணிகளுக்கு ஆளெடுப்பது 2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அதன் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து, ஆய்வக நுட்புநர் பணிக்கு என்ன கல்வித் தகுதி கேட்டிருக்கிறது என்ற பத்தியைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

ஐந்து: மருத்துவம் சார்ந்த பணிகளின் கல்வித் தரத்தையும் பதிவையும் ஒழுங்குபடுத்தத் தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்துள்ளது. இனி அங்கீகாரமும் பதிவும் மேலும் முக்கியமாகும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது

என்னிடம் வரும் மாணவிகளுக்கு நான் கொடுக்கும் முறை எளியது. ஒரு நாளைக்கு ஓர் உயிரி. ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் ஆறு வரி: பெயர், சாயத்தில் தோற்றம், வளரும் தளம், அடையாளச் சோதனை, உண்டாக்கும் நோய், எந்த மாதிரியை எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் அட்டையைப் பார்க்காமல் ஆறு வரியையும் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மீண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே மனத்தில் நிற்கும்.

மாதிரித் தேர்வில் தவறிய வினாக்களுக்குத் தனி ஏடு. விடையை மட்டும் எழுதக் கூடாது. தெரியாததால் தவறியதா, வினாவைச் சரியாக வாசிக்காததால் தவறியதா, கணக்கில் தவறியதா என்று அருகில் குறிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் தன் பலவீனம் எது என்று மாணவிக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது வாசிப்பாகவோ கணக்காகவோ இருக்கிறது. "எது அல்ல", "முதலில் செய்ய வேண்டியது எது" போன்ற சொற்களின் அடியில் கோடிட்டு வாசிக்கும் பழக்கம் நம் வகுப்பில் தொடங்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை மூன்று. எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் நூறு கட்டச் செயல்பாடு. அடுத்த அலகுத் தேர்வில் "ஒரு படி விடுபட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு வினா. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் பாடப்பிரிவு பற்றிப் பத்து நிமிடம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை ஒரு மருத்துவமனையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நூறாவது புலம் வரை பொறுமையாகப் பார்ப்பார். அந்தப் பொறுமையை இப்போதே பழக்குவோம். உங்கள் ஊரின் தொழிலையும் உழைப்பையும் வைத்து நீங்கள் உருவாக்கும் வினாக்களை உங்கள் குறுவளமையக் கூட்டங்களில் பகிர்ந்துகொள்ளுங்கள்.